உபகரணம் ஒன்று, அளவு முப்பத்து நான்கு

விசில் ஊதியது. ஒரு முறை அல்ல. நிறுத்தாமல், ஊதுகிறவருக்கே மூச்சு முட்டும்வரை ஊதியது. தண்ணீர்மலைத் தோட்டத்துக் குரங்குகள் குடும்பத்தோடு மரத்தில் ஏறிக்கொண்டன. காலை நடை போய்க்கொண்டிருந்த சீனக் கிழவர் ஒருவர் என்னவோ ஏதோ என்று இரண்டு கைகளையும் மேலே தூக்கினார்.

சந்திரிகா நின்றாள். அவளுடைய கைகள் மேலே போகவில்லை. அவற்றுக்கு வேறு வேலை இருந்தது. இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே இறுகக் கட்டிக்கொண்டுதான் அவள் ஒரு மாதமாக ஓடிக்கொண்டிருந்தாள்.

"மிஸஸ் ஜெயராஜ்! இனி நீங்கள் ஓடக்கூடாது!"

விசிலை வாயிலிருந்து எடுத்தவர் விநாசித்தம்பி. கிட்டங்கி வாரியத்தின் விளையாட்டுக் குழுச் செயலாளர். காலை ஆறே முக்காலுக்கு முழுக்கைச் சட்டை, கழுத்துப் பட்டி, கக்கத்தில் ஒரு கோப்பு.

"ஏன் சார்? டாக்டர் ஏதாவது சொன்னாங்களா?"

"டாக்டர் இல்லை. ஃபைல். நேற்றுப் பின்னேரம் உங்கட ஃபைல் திறந்தாச்சு. ஃபைல் திறந்திருக்கேக்க ஓடுறது முறையில்லை."

"நான் ஓடத்தானே சார் அதைக் கேட்டேன்?"

"அதுதான் பிழை. கேக்காமல் ஓடியிருந்தால் ஓடியிருக்கலாம். கேட்டுப்போட்டியள். இனி அந்தச் சாமான் இல்லாமல் ஓடினால் அது ஃபைலுக்கு விரோதம்."

அந்தச் சாமானின் பெயரை அவர் சொல்லவில்லை. அன்று மட்டுமல்ல, அடுத்து வந்த மூன்று மாதத்திலும் வாரியத்தில் எந்த ஆணும் சொல்லவில்லை. நாம் சொல்லிவிடலாம். சந்திரிகா கேட்டது ஓடும்போது அணிகிற ஒரு பிரா.

கிட்டங்கி வாரியம் பினாங்கில், ஜார்ஜ் டவுன் துறைமுகத்துக்குப் பின்னால் இருந்தது. பத்தொன்பது கிட்டங்கிகள், முந்நூறு ஊழியர்கள், கணக்கில் அடங்காத அரிசி மூட்டைகள். மூட்டைகளை அடுக்குவதும் எண்ணுவதும் அதன் தொழில். உலகத்தில் மூட்டை அல்லாத மற்றவற்றையும் அது மூட்டையாகவே நினைத்து நடத்திவந்தது. அதனால் பெரிய கெடுதல் எதுவும் வந்ததில்லை, சந்திரிகா விண்ணப்பம் எழுதும்வரை.

சந்திரிகா விளையாட்டு ஒதுக்கீட்டில் வந்த தற்காலிகக் கிராணி, அதாவது குமாஸ்தா. பள்ளிக்கூட நாளிலிருந்து மூவாயிரம் மீட்டர் ஓடுகிறவள். ஒதுக்கீட்டு விதி எளிமையானது. வாரியத்தின் ஆண்டு விளையாட்டு விழாவில் தொடர்ந்து மூன்று ஆண்டு தன் பந்தயத்தை ஓடி முடித்தால் வேலை நிரந்தரம். ஒரு ஆண்டு தவறினாலும் வீட்டுக்குப் போகலாம். இரண்டு ஆண்டுகளை அவள் முதலாவதாக வந்து முடித்திருந்தாள். மூன்றாவது விழா 1986 ஆகஸ்டில். ஏப்ரலில் அவளுக்கு இரண்டு மாதம் என்று தெரிந்தது. ஆகஸ்டில் ஆறு மாதம் ஆகியிருக்கும்.

நிரந்தரமானவர்களுக்குச் சம்பளத்தோடு பிரசவ விடுப்பு உண்டு. தற்காலிகமானவர்கள் பிள்ளை பெறப் போனால் பெயரை அடித்துவிடுவார்கள். வேறு ஆண்டாக இருந்தால் அவள் போனால் போகிறது என்று விட்டிருப்பாள். அந்த ஆண்டு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகள் ஆட்களைக் கூட்டம் கூட்டமாக வெளியே அனுப்பிக்கொண்டிருந்தன. அவள் கணவன் ஜெயராஜ் முதல் கூட்டத்திலேயே வெளியே வந்துவிட்டான். டத்தோ கிராமாட்டில் அவர்கள் இருந்த வாடகை வீட்டில் அடுப்பு எரிந்தது அவள் சம்பளத்தில்தான்.

கிளினிக் டாக்டரம்மா நல்லவள். "இவ்வளவு வருஷமா ஓடுற உடம்பு. மெதுவா ஓடலாம்மா. மூச்சு வாங்குனா நில்லு, வலிச்சா நில்லு. ஜெயிக்கணும்னு நினைக்காதே. ஆனா மேல நல்ல சப்போர்ட் வேணும், இப்பப் போட்டிருக்கறது பத்தாது" என்றாள்.

பத்தாது என்பது சந்திரிகாவுக்கு முன்பே தெரியும். ஒவ்வொரு எட்டுக்கும் நெஞ்சில் யாரோ கொக்கி போட்டு இழுப்பது மாதிரி வலித்தது. ஓடி வந்து குளித்தால் தோளில் பட்டை பட்டையாகச் சிவந்திருக்கும்.

மார்க்கெட் ஸ்திரீட்டில் ஏறி இறங்கினாள். முதல் கடைக்காரர் லேஸ் வைத்ததை விரித்துப் போட்டார். ஓடுவதற்கு என்றதும் மடித்துவிட்டார். "ஓடுறதுக்கா? இது நடக்கறதுக்கே தாங்காதும்மா. கல்யாணத்துக்கு வாங்குவாங்க." குவீன் ஸ்திரீட்டில் ஒரு அம்மாள் இரண்டு அளவு சின்னதாகக் கொடுத்து, "இறுக்கிப் போட்டுக்கோ பிள்ளை, எதுவும் அசையாது" என்றாள். உண்மைதான். எதுவும் அசையவில்லை, மூச்சு உட்பட. கடைசியில் பினாங்கு ரோட்டில் விளையாட்டுச் சாமான் விற்கும் சீனர் ஒருவர் ஒரு பட்டியலைப் புரட்டிக் காட்டினார். படத்தில் ஒரு வெள்ளைக்காரி சிரித்துக்கொண்டே ஓடினாள். அவளுக்கு எதுவும் வலிப்பதாகத் தெரியவில்லை. சாமான் கோலாலம்பூர் ஏஜெண்டிடம் வர வேண்டும். ஏஜெண்ட் தனி ஆளுக்கு விற்கமாட்டான். ஏதாவது சங்கம், வாரியம் என்று கடிதம் வேண்டும்.

வாரியம் ஆண்டுதோறும் சப்பாத்தும் பனியனும் வாங்கும் கடை அது. அதனால் சந்திரிகா வாரியத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதினாள். விலையைத் தானே கொடுத்துவிடுவதாகவும் எழுதினாள். அளவு என்ற இடத்தில் முப்பத்து நான்கு என்று போட்டாள்.

அதைத் தட்டச்சு செய்துகொடுத்த வாரியத் தட்டச்சாளர் சலேஹா அப்போதே சொன்னாள். "சந்திரி, வேணாம் லா. இவனுங்ககிட்ட எழுதிக் கேட்டா உள்ளதும் போயிரும். போன வருசம் நான் நாற்காலி ஆடுதுன்னு எழுதுனேன். நாற்காலிய எடுத்துட்டுப் போயிட்டானுங்க. நாலு மாசம் அரிசிச் சாக்கு மேல உக்காந்து டைப் அடிச்சேன்."

விண்ணப்பம் நேராக விதி பதினாலில் போய் மாட்டிக்கொண்டது.

விதி பதினாலு பிறந்தது ஒரு மச்சானால். பல வருடங்களுக்கு முன் நூறு மீட்டர் ஓடிய ஒருவர் தன் மச்சானின் தேயிலைக் கம்பெனி பனியனோடு ஓடி முதலாவதாக வந்துவிட்டார். பத்திரிகைப் படத்தில் வாரியத்தின் பெயர் இல்லை, தேயிலையின் பெயர் இருந்தது. அன்றிலிருந்து, ஓடுகிறவர் உடம்பில் இருக்கும் ஒவ்வொரு நூலும் வாரியம் கொடுத்ததாக இருக்க வேண்டும்.

"அப்போ ஆம்பளைங்க உள்ள போடறதெல்லாம் வாரியம் குடுத்ததா?" என்று சலேஹா கேட்டாள்.

விநாசித்தம்பி சிவந்துபோனார். "அவை கேக்கேல்லை. கேக்காததுக்கு விதி இல்லை."

மே மாதம் குழு கூடியது. ஏழு ஆண்கள், ஒரு நீள மேசை, தலைக்கு மேல் ஒரு மின்விசிறி. குறிப்பெடுக்க ஓரத்தில் சலேஹா. தேவையை விளக்குவதற்காகச் சந்திரிகாவை அழைத்து நிறுத்தினார்கள். நாற்காலி போடவில்லை. விளையாட்டு வீராங்கனைக்கு நாற்காலி கொடுத்தால் அவமதிப்பாகிவிடும் என்று ஒருவர் நினைத்தார்.

தலைவர் விஸ்வலிங்கம் தொண்டையைச் செருமினார். பெரிய மனிதர், நல்ல மனிதர் என்று பெயர். மின்விசிறியைப் பார்த்தபடியே பேசினார்.

"பெண்களை மதிக்கிறதிலை இந்த வாரியத்துக்கு நிகரில்லை. இந்தக் கட்டடம் கட்டேக்கையே பெண்களுக்கெண்டு ஒரு கழிப்பறைக்கு இடம் விட்டனாங்கள். பதினாலு வருஷமா அந்த இடத்திலை ஒருத்தரும் கை வைக்கேல்லை. அப்பிடியே காலியா, மரியாதையா இருக்கு. என்னை எடுத்துக்கொள்ளுங்கோ. பன்னிரண்டு வருஷமா எங்கட தட்டச்சாளர் இந்த அறைக்குள்ளை வந்து போறா. அவ ஆரெண்டு நான் நிமிர்ந்து பாத்ததில்லை. இப்ப ரோட்டிலை கண்டாலும் எனக்கு அடையாளம் தெரியாது. அவ்வளவு மரியாதை."

சலேஹா அதையும் குறித்துக்கொண்டாள்.

பிறகு சாமானுக்குப் பெயர் வைக்கும் வேலை நடந்தது. உள்ள பெயரைக் குறிப்பேட்டில் எழுத முடியாது. தணிக்கையாளர்கள் படிப்பார்கள், அவர்களில் சிலர் வயதானவர்கள். ஒருவர் 'மேற்படி பொருள்' என்றார். மேற்படி என்றால் மேலே ஒரு முறையாவது சொல்லியிருக்க வேண்டுமே என்று இன்னொருவர் மடக்கினார். ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு 'மேற்பகுதி நிலைநிறுத்தும் உபகரணம்' என்று முடிவாயிற்று. உடை என்று எழுதினால் அது நலப் பிரிவுக்குப் போய்விடும். உபகரணம் என்றால்தான் விளையாட்டுக் குழுவிடம் இருக்கும். இதில் குழுவின் கௌரவம் சம்பந்தப்பட்டிருந்தது.

"உபகரணம் எண்டால் குறைஞ்சது அஞ்சு வருஷம் பாவிக்கோணும்" என்று விநாசித்தம்பி நினைவுபடுத்தினார்.

"ஒருத்தருக்கு மட்டும் எண்டு வாங்கேலாது. குண்டு, ஈட்டி எல்லாம் பொதுவிலைதானே இருக்கு" என்றார் ஒரு உறுப்பினர்.

"இதை எப்படி சார் பொதுவுல…" என்று சந்திரிகா தொடங்கினாள்.

"நீங்கள் தேவையை மட்டும் விளக்குங்கோ" என்று தலைவர் மின்விசிறியிடம் சொன்னார்.

"ஓடறப்போ வலிக்குது சார்."

ஏழு பேரும் கீழே பார்த்தார்கள். பொறியியல் பிரிவிலிருந்து வந்த உறுப்பினர் மட்டும் பென்சிலை எடுத்தார். அசைவு எத்தனை அங்குலம் என்று தெரிந்தால்தான் உபகரணத்தின் தாங்குதிறனைக் கணக்கிட முடியும், ஆகவே மூன்று சாட்சிகள் முன்னிலையில் அளந்து அறிக்கை தரலாம் என்றார். சாட்சியாக யார் இருப்பது என்று தலைவர் கேட்டதும் எல்லாரும் கோப்புகளை அடுக்கத் தொடங்கினார்கள். அந்த யோசனை கைவிடப்பட்டது. கூட்டம் முடிந்தது. உபகரணம் வரும்வரை விண்ணப்பதாரர் ஓடக்கூடாது என்பதை உறுதிசெய்து தீர்மானம் போட்டார்கள். ஆகஸ்டில் அவர் ஓடியே ஆக வேண்டும் என்பதையும் அதே தீர்மானத்தில் நினைவூட்டினார்கள்.

சந்திரிகா டத்தோ கிராமாட்டின் பின்சந்துகளில் விடியற்காலையில் திருட்டுத்தனமாக ஓடினாள், கைகளைக் கட்டிக்கொண்டு. குளிருகிறதா என்று பால்காரர் கேட்டார். ஆமாம் என்றாள். ஐந்தாவது மாதம் பிறந்தபோது கட்டிய கைகள் வயிற்றின் மேல் வந்து இடித்தன.

ஜூனில் விலைப் புள்ளிகள் கேட்டார்கள். மூன்று கடைகள் வேண்டும். சாமான் கிடைப்பதே ஒரு கடையில்தான். மற்ற இரண்டு இடங்களில் கிடைக்கவில்லை என்பதை நேரில் போய் உறுதிசெய்ய மூன்று பேர் கொண்ட துணைக்குழு வாரியத்தின் காரில் புறப்பட்டது. அது டுரியான் பழக் காலம். துணைக்குழு டுரியான் தோட்டங்கள் நிறைந்த பாலிக் புலாவுக்குப் போயிற்று. இரண்டு நாள் கழித்து வந்த அறிக்கை இப்படிச் சொன்னது: பாலிக் புலாவிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் மேற்பகுதி நிலைநிறுத்தும் உபகரணம் கிடைக்கவில்லை என்பதைக் கடும் வெயிலில் அலைந்து கண்டறிந்தோம். அந்தக் கோப்பை வைத்திருந்த அலமாரியை ஒரு வாரத்துக்கு யாராலும் திறக்க முடியவில்லை. அவ்வளவு டுரியான் வாடை.

ஜூலை முதல் வாரத்தில் சந்திரிகா, வெட்கத்தை விட்டு, விநாசித்தம்பியின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"சார், அளவை மாத்தணும். முப்பத்து நாலு பத்தாது. முப்பத்தெட்டு."

விநாசித்தம்பி கோப்பைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"இதிலை முப்பத்து நாலெண்டு இருக்கு."

"அது ஏப்ரல்ல சார்."

"கையெழுத்து உங்கடதுதானே?"

"ஆமா சார். உடம்பு மாறுது இல்ல? மாசமா இருக்கேன்."

"பாருங்கோ பிள்ளை." அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். "ஏப்ரலிலை முப்பத்து நாலு எண்டியள். இப்ப முப்பத்தெட்டு எண்டுறியள். ஆகஸ்டிலை என்ன சொல்லுவியளோ தெரியாது. ஃபைல் அண்டைக்கும் முப்பத்து நாலு, இண்டைக்கும் முப்பத்து நாலு. நான் ஆரை நம்புறது?"

"என்னை நம்புங்க சார். என் உடம்பு சார் இது."

"நீங்கள் மாறிக்கொண்டே இருக்கிறியள். ஃபைல் மாறேல்லை."

அளவை மாற்ற வேண்டுமானால் பழைய விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிப் புதிய விண்ணப்பம் போடலாம். அது குழுவுக்கு வர அக்டோபர் ஆகும். சந்திரிகா வெளியே வந்தாள். பெண்களுக்கென்று மரியாதையாக விடப்பட்டிருந்த அந்தக் காலி இடத்தில் நின்று அழுதாள். நல்ல விசாலமான இடம்.

விழாவுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது உபகரணம் வந்தது. ஸ்டோர் கீப்பர் பழனியப்பன் ஆள் விட்டுக் கூப்பிட்டார். சலேஹாவும் கூட வந்தாள். ஈட்டிகளுக்கும் உயரம் தாண்டும் கம்பத்துக்கும் நடுவே ஒரு ஆணியில் அது தொங்கியது. வெள்ளை நிறம். முன்பக்கம் கறுப்பு எண்ணெய்ச் சாயத்தில், அரிசிச் சாக்குக்கு முத்திரை குத்தும் அதே தகட்டை வைத்து, கி.வா. 212 என்று எழுதியிருந்தது. ஓரத்தில் ஒரு பித்தளை வளையம் அடித்து அதில் தகரச் சீட்டு தொங்கியது.

"அண்ணே, இது என்னாண்ணே?" என்றாள் சந்திரிகா.

"உபகரணம்னா நம்பர் போடணும் லா தங்கச்சி. நானா செய்றேன்? ஆனா நல்ல சாமான். டெஸ்ட் பண்ணி பாஸ் ஆயிருச்சு."

"யாரு டெஸ்ட் பண்ணா?" சலேஹாவின் குரல் உயர்ந்தது.

"யாரும் இல்லம்மா, சத்தம் போடாத. சாக்குல. அரை மூட்டை அரிசிக்கு இதைக் கட்டி, கைவண்டியில ஏத்தி, யார்டு பூரா மூணு ரவுண்டு தள்ளுனோம். ஏழு பேரும் நின்னு பார்த்தாங்க. சாக்கு அசையவே இல்ல. சர்டிபிகேட் குடுத்திருக்காங்க, பாரு."

சான்றிதழில் ஏழு கையெழுத்து இருந்தது. சாக்குக்குத் திருப்தி என்று எழுதவில்லை, அவ்வளவுதான்.

"யா அல்லா" என்றாள் சலேஹா. "மூணு மாசத்துல இவனுங்க பேர் சொல்லாம பார்த்த ஒரே நெஞ்சு அரிசி மூட்டையோடது."

"சிரிக்காதீங்கம்மா. இன்னொண்ணு கேட்டுக்கோ தங்கச்சி. ஓடி முடிச்சதும் போட்டிருக்கியான்னு கமிட்டி பார்த்து ஃபாரத்துல சைன் வைக்கணும். ஆணி சப்பாத்துக்கும் அப்படித்தான். சைன் இல்லன்னா ஓடுனது கணக்குல வராது. அஞ்சு மணிக்குள்ள ஃபாரம் ஆபீசுக்கு வந்துரணும்."

சந்திரிகா அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்தாள். கொக்கியும் வளையமும் ஒரு சாண் தூரத்தில் நின்று ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. ஜெயராஜ் பின்னால் நின்று இரண்டு முனையையும் இழுத்தான். முழங்காலை முதுகில் ஊன்றிக்கூட இழுத்துப் பார்த்தான்.

"விட்ரு" என்றாள் அவள். "மூச்சு முட்டுது. உள்ள உதைக்குது."

அவன் விட்டான். கட்டிலில் உட்கார்ந்தான். "வேணாம் சந்திரி. ஓட வேணாம். நான் எங்கயாச்சும் மூட்டை தூக்கறேன்."

"எங்க தூக்குவே? மூட்டை பூரா எங்க வாரியத்துலதான் இருக்கு."

மறுநாள் சலேஹா அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள், அதே டத்தோ கிராமாட்டில் நாலு தெரு தள்ளி, தையல்காரி வள்ளியம்மாவிடம். வள்ளியம்மா பெண்களுக்குத் தைக்கிறவள் அல்ல. அவள் தைப்பது மூன்று சக்கரத் திரிஷா வண்டிகளுக்கு: மழைக்கு மேல்கூடு, உட்காரும் மெத்தைக்கு உறை. கூடத்தில் கான்வாஸ் துணி மலையாகக் கிடந்தது. சந்திரிகாவை அவள் கூச்சமில்லாமல் நிமிர்ந்து பார்த்தாள். மூன்று மாதத்தில் அப்படிப் பார்த்த முதல் ஆள்.

"குதி" என்றாள்.

"என்னாக்கா?"

"குதிடி. எந்தப் பக்கம் இழுக்குதுன்னு பார்க்க வேணாமா?"

சந்திரிகா குதித்தாள். வலியில் பல்லைக் கடித்தாள்.

"கடையில தோள்ல மட்டும் மாட்டி விட்டுர்றானுங்க. திரிஷா கூடு மாதிரிதான்டி இதுவும். பாரம் முன்னால இருந்தா கட்டு பின்னால போகணும். முதுகுல குறுக்க ரெண்டு அகலப் பட்டை. துணி மெல்லிசு வேணாம், நாலு தரம் துவைச்ச காக்கி ட்ரில் இருக்கு, ரெண்டு மடிப்பு. வயித்து மேல ஏறாம நிக்கும். முன்னால கொக்கி மூணு வரிசை. இந்த வாரம் ஒரு வரிசை, அடுத்த வாரம் அடுத்தது. பிள்ளை வளரும்ல, கூடவே வளரட்டும்."

மூன்றாம் நாள் சந்திரிகா அதை மாட்டிக்கொண்டு வள்ளியம்மாவின் வீட்டுக்கு முன்னால் தெருவின் கடைசிவரை ஓடிப்போய்த் திரும்பினாள். கைகள் இரண்டும் பக்கத்தில் வீசி வந்தன. ஏப்ரலுக்குப் பிறகு அவை அப்படி வீசியதே இல்லை. அவள் சிரித்தாள். பிறகு முகம் மாறிற்று.

"சலேஹா, இதுல நம்பர் இல்லியே."

அது காக்கி நிறத்தில் இருந்தது. வாரியத்தினுடையது வெள்ளை. சாயம் பூசி ஏமாற்றவும் வழியில்லை.

விழா நாள் சனிக்கிழமை. திடலில் பந்தல், பேண்டு வாத்தியம், வாரியத்தின் கொடி. பரிசு கொடுக்கத் தலைவரின் மனைவி யோகம்மா வந்திருந்தார். பருத்த உடம்பு, கனமான காஞ்சிபுரப் பட்டு, வேர்த்து வழியும் முகம். மூன்றரை மணிக்குப் பெண்கள் மூவாயிரம் மீட்டர். ஏழரைச் சுற்று. ஓடினவர்கள் ஆறு பேர். ஐந்து பேர் ஒருவரையொருவர் முந்த ஓடினார்கள். சந்திரிகா யாரையும் முந்தவில்லை. மூச்சு வாங்கியபோது நடந்தாள், மூச்சு வந்ததும் ஓடினாள். நான்காவது சுற்றில் மற்றவர்கள் முடிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஐந்தாவது சுற்றில் பேண்டுக்காரர்கள் வாத்தியத்தை உறையில் போட்டார்கள். வயிறு ஒருமுறை இறுகிற்று. அவள் நின்று, கையை வைத்து, அது தளரும்வரை காத்திருந்தாள். இன்னொரு முறை இறுகினால் வெளியேறிவிடுவது என்று முடிவு செய்தாள். இறுகவில்லை. நெஞ்சு மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. வள்ளியம்மாவின் பட்டைகள் முதுகில் குறுக்கே இரண்டு கைகளைப் போலத் தாங்கின. ஏழாவது சுற்றில் ஜெயராஜ் வேலி ஓரமாகக் கூடவே நடந்து வந்தான். கடைசிக் கோட்டைத் தாண்டியபோது கைதட்டியது அவனும் சலேஹாவும் பழனியப்பனும்தான்.

மணி நாலு பத்து.

விநாசித்தம்பி ஃபாரத்தோடு வந்தார். குழு கூடிற்று. ஏழு பேரும் அவளைச் சுற்றி ஒரு வட்டமாக நின்றார்கள், எல்லாரும் வெளிப்பக்கம் பார்த்தபடி.

"விதிப்படி பயன்பாட்டிலை இருக்கிறதைக் குழு கண்ணாலை காணோணும்" என்றார் விநாசித்தம்பி கடலைப் பார்த்து.

"ஓம், காணோணும்" என்றார் ஒருவர் மரத்தைப் பார்த்து.

"நான் சைவம்" என்றார் இன்னொருவர். அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் கேட்கவில்லை.

"நான் பார்த்து சொல்றேன்" என்று சலேஹா முன்னால் வந்தாள். அவளுடைய கையெழுத்துக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லப்பட்டது. டாக்டரம்மாவிடம் கடிதம் வாங்கி வரட்டுமா என்று ஜெயராஜ் கேட்டான். டாக்டருக்கு உபகரணப் பதிவேட்டில் இடம் இல்லை என்று சொல்லப்பட்டது.

மணி நாலரை.

தலைவர் விஸ்வலிங்கம் கொடிக்கம்பத்தின் உச்சியை நோக்கிப் பேசினார். "கவலையான விஷயம்தான். பிள்ளை ஓடினதை ஊரே பாத்தது. ஆனால் ஊர் பாத்தது பதிவேட்டிலை வராது. பாக்க வேண்டியதைப் பாக்க எங்களுக்குப் பண்பாடு இடம் தராது. பாக்காமல் கையெழுத்து வைக்க விதி இடம் தராது. பண்பாடும் விதியும் ஒண்டுக்கொண்டு முட்டேக்க, இந்த வாரியம் எப்பவும் ஒண்டும் செய்யாமல் நிண்டிருக்கு. அதுதான் எங்கட பெருமை."

சந்திரிகா புல்லில் உட்கார்ந்துவிட்டாள். கேட்பதற்கு இனி ஒன்றும் இல்லை. யாராவது பார்த்தாலும் தோற்றாள், பார்க்காவிட்டாலும் தோற்றாள். பையில் நம்பர் போட்ட வெள்ளை உபகரணம் மடித்தபடி இருந்தது. உடம்பில் இருந்தது நம்பர் இல்லாதது. அவளைக் காப்பாற்றியது எதுவோ அதுதான் இப்போது அவளை வீட்டுக்கு அனுப்பப் போகிறது.

"அந்த ஃபாரத்தைத் தாருங்கோ."

குரல் பந்தலிலிருந்து வந்தது. யோகம்மா பட்டுச் சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு புல்லில் நடந்து வந்தார். நெஞ்சுப் பக்கம் சேலையை இன்னொரு கையால் அழுத்திப் பிடித்திருந்தார்.

"நீர் ஏன் இதிலை…" என்றார் தலைவர்.

"நான் இண்டைக்குப் பிரதம விருந்தினர்தானே? குழுவுக்குப் பதிலா விருந்தினர் கையெழுத்து வைக்கவும் ஃபாரத்திலை ஒரு கோடு இருக்கெண்டு உங்கட செயலாளர் காலமை சொன்னவர். நான் போய்ப் பாக்கிறன். உங்களிலை ஆருக்கும் பாக்க விருப்பமெண்டால் வாருங்கோ."

ஒருவரும் வரவில்லை.

உடை மாற்றும் கூடாரத்துக்குள் யோகம்மா திரையை இழுத்துவிட்டார். "பனியனைக் கழட்டு, பிள்ளை."

சந்திரிகா பனியனைக் கழற்றினாள். யோகம்மா பார்த்தார். அவளைத் திருப்பினார். முதுகில் குறுக்கே போகும் பட்டையில் ஒரு விரலை விட்டு இழுத்துப் பார்த்தார். முன்னால் திருப்பி, மூன்று வரிசைக் கொக்கிகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். நம்பர் எங்கே என்று தேடுகிறார் என்று சந்திரிகா நினைத்தாள்.

"அம்மா, இது வாரியத்தோடது இல்லீங்க. அது எனக்குப் பத்தலீங்கம்மா. பையில இருக்கு. பொய் சொல்ல வரலீங்க. வீட்டுக்காரருக்கு வேலை போயிருச்சு. இந்த வேலையும் போனா…"

யோகம்மா கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். கூடாரக் கம்பத்தில் ஃபாரத்தை வைத்து அழுத்திக் கையெழுத்துப் போட்டார். காகிதத்தை மடித்துச் சந்திரிகாவின் கையில் வைத்தார். வெளியே ஏழு பேர் நிற்கும் திசையை ஒருமுறை பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"சரியெண்டு எழுதிப்போட்டன், பிள்ளை. இப்ப மெல்லமாச் சொல்லு, இதை ஆர் தைச்சது? நாரி முதுகெல்லாம் நோவோடை முப்பது வருஷமா நானும் தேடுறன், என்ர மனுசனிட்டை என்னெண்டு வாய் திறந்து கேக்கிறது?"